இரட்டை ஸ்டென்ட் மீட்பு முறை: ஒரு திறனாய்வு

மூளைத் தமனியை அடைத்துப் பக்கவாதத்தை உண்டாக்கும் இரத்தக்கட்டியை, ஒரே நேரத்தில் இரண்டு வலைக்கூட்டு ஸ்டென்ட்களைச் செலுத்தி வெளியே இழுக்கும் சிகிச்சை இரட்டை ஸ்டென்ட் மீட்பு முறை எனப்படும். ஒற்றை ஸ்டென்ட்டுக்கு அசையாத கட்டிகளுக்கு மாற்று வழியாக வந்த இம்முறையை முதல் முயற்சியிலேயே கையாளலாமா என்பதே இன்றைய விவாதம்.

பின்னணி

ஒற்றை ஸ்டென்ட் முறையின் பயனை 2015இல் வெளியான ஐந்து ஆய்வுகள் நிறுவின. 1287 நோயாளிகளைக் கொண்ட அவற்றின் கூட்டுப் பகுப்பாய்வு 2016இல் வெளியானது. 90 நாட்களுக்குப் பின் பிறர் துணையின்றி வாழ்ந்தோர், கட்டி அகற்றும் சிகிச்சைப் பிரிவில் 46 விழுக்காடு. மற்றப் பிரிவில் 26.5 விழுக்காடு. ஆயினும் போதிய இரத்தவோட்டம் மீண்டது 71 விழுக்காட்டினருக்கே. எஞ்சிய ஏறத்தாழ பத்தில் மூவருக்காகவே புதிய உத்திகள் தேடப்பட்டன.

செயல்படும் விதம்

சிவப்பணு மிகுந்த கட்டி மென்மையானது. வலைக்குள் எளிதில் பதியும். ஃபைப்ரின் மிகுந்த கட்டி இறுகியது. வலை விரியும்போது உள்ளே பதியாமல் தமனிச் சுவரோரம் ஒதுங்கிவிடும். தமனி கிளைபிரியும் இடத்தில் இரு கிளைகளிலும் கால் நீட்டிய கட்டியை ஒரு பக்கம் மட்டும் பற்றி இழுத்தால், மறுபக்கம் பிடித்துக்கொள்ளும் அல்லது உடைந்து சிதறும். இரு நுண்குழாய்கள் வழியே கிளைக்கு ஒன்றாக ஸ்டென்ட்களை விரித்தால், கட்டி இடுக்கியில் அகப்பட்டதுபோல நடுவில் சிக்கும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டிக்குப் பல கொக்கிகள் இருப்பதும் இதனால்தான்.

மதிப்பீடு

ஒப்புமை இத்துடன் முடிகிறது. கிணற்றுச் சுவர் கல்லால் ஆனது. மூளைத் தமனியின் சுவரோ மெல்லியது. இரு வலைகள் உராயும்போது தமனி சுருங்கலாம், கிழிந்து இரத்தம் கசியலாம்.

சான்றுகளையும் கவனமாகவே படிக்க வேண்டும். தொடக்க கால அறிக்கைகள் சில நோயாளிகளைப் பற்றியவை. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாதவை. பல முறை இழுத்துத் தளர்ந்த கட்டி இறுதியில் வந்ததற்கு இரண்டாவது ஸ்டென்ட்தான் காரணமா என்பதை அவற்றால் சொல்ல இயலாது. பின்னர் ஸ்பெயினில் நடந்த டுவின் டு வின் என்னும் ஒப்பீட்டு ஆய்வு இக்குறையைக் களைய முயன்றது. ஆனால் அதன் முதன்மை அளவுகோல் முதல் இழுப்பிலேயே தமனி திறந்ததா என்பதே. தமனி திறப்பது வழி. நோயாளி எழுந்து நடப்பதே பயன். முன்னது பின்னதற்கு உதவும், ஈடாகாது.

நேரக் கணக்கு இருபுறமும் வெட்டும். பெருந்தமனி அடைப்பில் நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிவதாகக் கணிக்கப்பட்டுள்ளது. இரண்டாவது ஸ்டென்ட்டைச் செலுத்த நேரம் பிடிக்கும்; ஆனால் ஒரே இழுப்பில் வேலை முடிந்தால் அந்த நேரம் மிச்சமாகும். கருவிச் செலவு கூடுவதையும் மறைக்க முடியாது.

ஆசிய மக்களிடம் மூளைத் தமனியிலேயே கொழுப்புப் படிந்து குறுகும் நிலை அதிகம். அங்கே அசையாதது கட்டி அன்று, குறுகிய சுவர். அதற்கு இழுக்கும் விசையைக் கூட்டுவது தீர்வாகாது, தீங்காகலாம்.

எனவே, கிளைபிரியும் இடத்தில் சிக்கி, ஒற்றை ஸ்டென்ட்டுக்கும் உறிஞ்சும் முறைக்கும் இணங்காத கட்டிக்கு இது தக்க மீட்பு வழி. எல்லா நோயாளிக்கும் முதல் தேர்வாக்க வேண்டுமானால், நோயாளிகளின் 90 நாள் வாழ்நிலையே அதற்குச் சான்றாக வேண்டும்.