சலங்கைக்குச் சிபாரிசு

"திறமை மட்டும் போதாது அம்மா, தொடர்பு வேண்டும்!"

நாட்டியப் பயிற்சி முடித்த இளையோருக்காக நடந்த ஒரு வழிகாட்டு முகாமில், மேடையேறிய பெரியவர் ஒருவர் அருளிய வாசகம் இது. நான் நாட்டியம் அறிந்தவன் அல்லன், பள்ளி ஆசிரியன். என்னோடு படித்த தோழி ஒருத்திக்குத் துணையாகச் சென்றிருந்தேன். நெசவாளி வீட்டுப் பெண். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டு பரதம் பயின்று சான்றிதழ் பெற்றவள். எந்த நிறுவனத்தின் ஊதியப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. மாலை வேளையில் பத்துப் பிள்ளைகளுக்குத் தட்டுக்கழி கொண்டு தாளம் தட்டிப் பாடம் சொல்லி, அந்த வருவாயில் வாழ்பவள்.

தொடர்பு வேண்டும்! யார் மறுத்தார்கள்? தனித்து நின்று ஆட முடியாத கலையல்லவா இது! நட்டுவாங்கத்துக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர், குழலுக்கோ வயலினுக்கோ ஒருவர், ஒப்பனைக்கு ஒருவர்! இத்தனை பேர் கூடினால்தான் ஒருத்தியின் சலங்கை ஒலிக்கும். ஆகவே பெரியவரின் முதல் வாசகத்தைக் கைதட்டி வரவேற்றேன். பின்னர் அவர் விளக்கவுரை தொடங்கினார். தட்டிய கை தானாக நின்றது.

மூத்த கலைஞரின் நிகழ்ச்சிக்குத் தவறாமல் செல்லுங்கள், முன்வரிசையில் அமருங்கள், முடிந்ததும் காலில் விழுங்கள். சபாச் செயலாளர் எதிர்ப்பட்டால் அவர் காலிலும் விழுங்கள். பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள், முதலில் முகம் தெரியட்டும். யாரைப் பற்றியும் குறை சொல்லாதீர்கள், எவர் எவருக்கு உறவு என்று உங்களுக்குத் தெரியாது.

இதற்குத் தொடர்பு என்றா பெயர்? தொழுகை என்றல்லவா நம் ஊரில் சொல்வார்கள்!

பெரியவரைக் குறை கூறிப் பயனில்லை. உள்ளதைச் சொன்னார். அந்த 'உள்ளது' என்ன என்பதைத் தோழியின் கணக்கேட்டில் கண்டேன். மார்கழியில் சென்னைச் சபா ஒன்றில் அவளுக்கு மேடை கிடைத்தது. வேலை நாள், நண்பகல் இரண்டு மணி. செலவுப் பக்கத்தில், சபாவுக்கு 'நன்கொடை', பக்க இசையாளர் நால்வருக்கு ஊதியம், ஒப்பனை, நகை வாடகை, ஊர்தி, படம் எடுத்தவருக்குக் கூலி. அம்மாவின் இரண்டு வளையல்கள் இதில் கரைந்தன. வரவுப் பக்கத்தில், பொன்னாடை ஒன்று, கண்ணாடிச் சட்டமிட்ட நினைவுப்பரிசு ஒன்று! அவையிலே 11 பேர் இருந்தோம். அதில் நால்வர், அடுத்து ஆட இருந்த பெண்ணின் வீட்டார்.

அந்தச் சபாவுக்கு அவளைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதியவன் யார் என்று கேட்பீர்கள். நானேதான். ஆங்கிலத்தில், பணிவு ததும்ப, இரண்டு பக்கம்! அந்தக் குற்றத்தை மறைத்துக்கொண்டு பிறரைச் சாட எனக்கு உரிமையில்லை.

மேடையில் ஆடுபவள் மேடைக்கே பணம் கட்ட வேண்டிய இந்த நிலை என்று பிறந்தது? தமிழின் முதற்பெரும் காப்பியத்தைத் திருப்பிப் பாருங்கள். அரங்கேற்றுகாதையில், மாதவி ஆடுவதற்கு முன்பே, ஆடலாசான் யார், இசையாசான் எத்தகையவன், பாட்டு யாத்த புலவனின் தகுதி என்ன, தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் எவ்வெவற்றில் வல்லவர் என்று ஒவ்வொருவராக இளங்கோ நிறுத்திக் காட்டுகிறார். அரங்கின் அளவைக்கூட விடவில்லை. அவர்கள் ஒருவர் காலில் ஒருவர் விழுந்ததாகக் குறிப்பில்லை. ஒருவர் தாளத்தை ஒருவர் கேட்டதாகக் குறிப்பிருக்கிறது. ஏழாண்டுப் பயிற்சிக்குப்பின் பன்னிரண்டு வயதில் ஆடிய அவளுக்குச் சோழன் தந்தது தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும்.

ஆகா, பொற்காலம் என்று புறப்பட்டுவிடாதீர்கள்! அதே காதையின் இறுதியில் ஒரு கூனி, அந்த மாலையை நகரத்துச் செல்வர் உலாவும் தெருவிலே விலை கூறி நிற்கிறாள். 1008 கழஞ்சு கொடுத்து மாலை வாங்குபவன் மாதவிக்கு மணாளன்! கலைக்குத் தந்த பொன், கலைஞியின் விலையாக மாறிவிட்டது. ஆதரிப்போர் தயவில் ஆடும் கலைக்கு அன்றே விழுந்த முடிச்சு அது.

பிற்காலத்தில் அந்தத் தொடர்பு குருதி வழி ஓடிற்று. தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் இரண்டாம் சரபோசியின் அவையில் இருந்தவர்கள். பின்னர் சின்னையா மைசூர் அவைக்கும், வடிவேலு திருவிதாங்கூர் அவைக்கும் சென்றார்கள். இசை வேளாளர் குடும்பங்களின் கொள்வினை கொடுப்பினையே அவர்களது தொழில் தொடர்பு. கோயிலும் அரண்மனையும் படியளந்தன. படியளந்த கையே பெண்ணைப் பொட்டுக் கட்டி வைத்தது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் எழுப்பிய குரல் 1947இல் சட்டமாயிற்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தக் கொடுமைக்குள்ளிருந்தே வெளிவந்து ஊர் ஊராக முழங்கினார். அந்தச் சட்டத்துக்காகக் கண்ணீர் விடுவோர் பக்கம் நான் இல்லை.

என் கேள்வி வேறு. கோயில் போயிற்று, அரண்மனை போயிற்று. சாவி யார் கைக்குப் போயிற்று? 1928இல் சென்னையில் மியூசிக் அகாதெமி தோன்றிற்று. 1935இல் அடையாற்றில் ருக்மிணி தேவி ஆடினார். அவருக்குக் கற்பித்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. வசதி படைத்த வீட்டுப் பெண்கள் மேடையேறினர். மரபிலே பிறந்த பெண்களில் பெரும்பாலோர் மேடையை விட்டு இறங்கினர். பாலசரசுவதி போன்ற சிலரே நின்றனர். நட்டுவனார் குனிந்து கற்றுக்கொடுத்தார்; சபாக்குழு நிமிர்ந்து அமர்ந்தது. இன்று அந்தக் குழுவின் உறவினராக இருப்பது ஒரு தொடர்பு. அவர்களோடு ஒரே தெருவில் வளர்ந்தது ஒரு தொடர்பு. கடல் கடந்து பொருள் ஈட்டி வந்து விழாவுக்குப் புரவலராவது ஒரு தொடர்பு. நெசவாளி மகளுக்கு இந்த மூன்றில் எது வாய்க்கும்?

வாய்க்காதபோது பணிவு ஒன்றே மூலதனம் என்கிறார்கள். அந்த மூலதனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் கண்டோம். 2023இல் சென்னைக் கலாசேத்திராவின் மாணவியர், பாலியல் தொல்லை பற்றிய முறையீட்டோடு வளாகத்திலேயே அமர்ந்து போராடினார்கள். கற்பிக்கும் கை, தேர்வில் மதிப்பெண் இடும் கை, நாளை மேடைக்குப் பரிந்துரைக்கும் கை மூன்றும் ஒன்றேயானால், அந்தக் கையைத் தட்டிவிட எவ்வளவு துணிவு வேண்டும்! 'யாரையும் குறை சொல்லாதீர்கள்' என்ற அறிவுரை யாரைக் காக்கும்?

சிபாரிசு இன்றி வளர்ந்தவர் இல்லையா? இருக்கிறார். மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராசு, தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றார். 2019இல் பத்மசிறீ பெற்றார். கதவு திறந்தவர் ஓர் ஆசிரியர். உடன் நின்றவர் இளமைத் தோழி சக்தி. ஆயினும் ஒருவருடைய அரிய உறுதியைக் காட்டி, 'நீயும் அப்படி ஆகேன்' என்று ஆயிரம் பேரிடம் சொல்வது நேர்மையன்று. 1943இல் தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடமில்லை என்றபோது, இருந்த மேடையின் வாயிலிலேயே காத்துக்கிடக்கவில்லை. தமிழிசைச் சங்கம் என்று தனியே ஓர் அமைப்பு எழுந்தது.

இனி, தோழி செய்ததைச் சொல்கிறேன். இசைப்பள்ளியில் உடன் பயின்ற நால்வரைத் தேடிப் பிடித்தாள். ஒருத்தி ஆடும்போது மற்றொருத்தி நட்டுவாங்கம். அடுத்த முறை மாற்றம். அவர்களில் ஒருத்தியின் அண்ணன் தவில் வாசிப்பவர். அவர் வழியாக ஒரு மிருதங்க இளைஞர் வந்தார். உடைகள் பொது, நகைகள் பொது. ஒருத்தி நோயுற்றால் அவள் வகுப்பை இன்னொருத்தி நடத்துவாள். மாணவியரைக் கவர்ந்துகொள்ள மாட்டாள். இதை எழுதிக் கையொப்பமிட்டார்கள்! 'எழுதுவானேன், நம்பிக்கை இல்லையா' என்று நான் கேட்டேன். 'நம்பிக்கை இருப்பதால்தான் எழுதுகிறோம். இல்லாதபோது எழுத வருவார்களா?' என்றாள். வாயடைத்துப் போனேன்.

மாவட்டத்துத் தலைமையாசிரியர்களை நேரில் கண்டார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்க ஆள் தேடும் பள்ளிகள் பல உண்டு. அங்கே போய் நிற்கும்போது கையிலே கடிதம் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரம் வகுப்பெடுத்துக் காட்டுகிறோம், பின்னர் பேசலாம் என்றார்கள். பெற்றோர் கூட்டத்தில் 'இது எங்கள் பிள்ளைகளுக்கான ஆட்டமா?' என்று ஒரு தாய் கேட்டாராம். வர்ணத்துக்கு மாற்றாகப் பாவேந்தர் பாட்டொன்றை அமைத்து ஆடிக் காட்டியிருக்கிறார்கள். அந்த அமைப்பில் குறையில்லை என்று சொல்லமாட்டேன். சொல்லுக்குச் சொல் கைமுத்திரை காட்டியதில் பாட்டின் வேகம் தடுமாறிற்று. சினம் வரவேண்டிய இடத்தில் நாணம் வந்தது! நாயகனை எண்ணி உருகப் பழகிய முகம் எளிதில் மாறுமா? அதை அவளிடமே சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த இடத்தை மாற்றியிருந்தாள். குறை சொல்லலாகாது என்ற விதி அவர்கள் ஐவரிடம் இல்லை.

வருவாய் பெருகிவிட்டதா? இல்லை. கடன் இன்னும் இருக்கிறது. வளையல்கள் இன்னும் திரும்பவில்லை. ஐவரில் ஒருத்தி திருமணமாகி வேறு ஊர் சென்றுவிட்டாள். கணவன் வீட்டார் ஆட விடுவார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை. கோவைப் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றில் பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வந்தது.

சென்ற பொங்கலுக்கு எங்கள் ஊர்ப் பள்ளித் திடலில் ஆடினார்கள். மிருதங்கக்காரருக்கு அன்றிரவே ஊதியம் எண்ணிக் கொடுக்கப்பட்டது. கணக்கேட்டின் வரவுப் பக்கத்தில் முதன்முறையாக ரூபாய் என்ற சொல் ஏறிற்று. அவள் பங்கு 1,200. முகாமில் பேசிய பெரியவருக்கும் அழைப்பிதழ் அனுப்பியிருந்தோம். வரவில்லை. திடலில் முன்வரிசை என்று ஒன்று போடப்படாததும் காரணமாக இருக்கலாம்.