படகு விழும் ஓசை

கயாக் பந்தயத்தைக் கண்ணால் மட்டும்தான் ரசிக்க முடியும் என்று நினைத்திருந்தேன். கிரீன் ரேஸ் பார்க்கப் போனபோதுதான் அதற்குக் காதும் வேண்டும் என்று புரிந்தது.

அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில், சலூடா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஓடுகிறது கிரீன் ஆறு. ஓரிடத்தில் மலை இரண்டு பக்கமும் நெருக்க, ஆறு பாறைகளுக்கு இடையே உடம்பை ஒடுக்கிக்கொண்டு இறங்கும். அந்தப் பகுதியின் பெயர் நாரோஸ். 1996இல் தொடங்கிய கிரீன் ரேஸ் அங்கேதான், நவம்பர் முதல் சனிக்கிழமை, உச்சிப்பொழுது 12 மணிக்கு நடந்துவந்தது. வண்டி போகாது. காட்டுக்குள் நடந்து, செங்குத்தான கடைசிச் சரிவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அத்தனை பாடும் கொரில்லாவைப் பார்ப்பதற்காக.

கொரில்லா என்பது ஓர் அருவி. முதலில் ஒரு படகு மட்டுமே நுழையக்கூடிய இடுக்கு. அதைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலான வீழ்ச்சி. ஓட்டிகள் ஒருவர்பின் ஒருவராக, இடைவெளி விட்டுப் புறப்படுகிறார்கள், போட்டி கடிகாரத்தோடு. வேகத்துக்காகவே செய்த, பன்னிரண்டு அடியை ஒட்டிய நீளப் படகுகள் அவை. இந்த ஆற்றின் பெயராலேயே 'கிரீன் போட்' என்று டாகர் நிறுவனம் ஒன்றை வடித்தது. நேராக ஓடுவதில் அதற்கு இணை இல்லை. ஆனால் பாறைகளுக்கு நடுவே சட்டென்று திரும்பாது. எனவே திரும்ப வேண்டிய இடத்தை முன்னாலேயே நினைத்துவிட வேண்டும். முன்வரிசை வீரர்களுக்கு மொத்தப் பந்தயமும் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்.

விளிம்பில் நடப்பதுதான் கலை. நீர் விழும் உதட்டில் துடுப்பை ஊன்றி ஒரே ஓர் இழுப்பு; அதே கணத்தில் முழங்கால்கள் மேலே வர, படகின் மூக்கு நிமிர்கிறது. அடிப்பாகம் பரந்து நீரில் அமரும்போது எழும் ஓசையை வைத்தே அதற்கு 'பூஃப்' என்று பெயர். அரை நொடி தாமதித்தால் மூக்கு உள்ளே போய்விடும். ஓசையே இராது, நுரை படகை விழுங்கிவிடும். மிக உயரத்திலிருந்து, நுரையில்லாத கெட்டி நீரில் தட்டையாக விழுந்தாலும் ஆபத்து. 'பட்'டென்ற அந்தச் சத்தம் முதுகெலும்பில் இறங்கும். நல்ல பூஃப் தவிலின் தொப்பிப் பக்கம் போல, கனத்தும் மெத்தென்றும் கேட்கும். எனக்குப் பக்கத்துப் பாறையில் இருந்த முதியவர் படகு வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். ஓசை வந்ததும் தலையை அசைப்பார், அல்லது அசைக்கமாட்டார். கச்சேரியில் முன்வரிசையில் உட்காரும் சிலரை எனக்குத் தெரியும், அதே முகம்.

தேர்ந்தவர்களின் ஓட்டத்தில் துடுப்பு வீச்சுகள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. எங்கே சும்மா இருப்பது என்று தெரிவதற்கு அவர்கள் எத்தனை நூறு முறை இதே ஆற்றில் இறங்கியிருப்பார்கள்! மேலே உள்ள அணை மின்நிலையத்தின் தண்ணீரை நம்பி வாழ்ந்த கூட்டம் அது. "இன்று எத்தனை சதவீதம் தண்ணீர்?" என்பதுதான் காலை விசாரிப்பாக இருந்தது. பெண்கள் பிரிவில் பலமுறை வென்ற ஏட்ரியன் லெவ்னெக்ட் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகப் பணிபுரிந்தவர். பரிசுப் பணத்துக்காக யாரும் இங்கே வருவதில்லை.

எனக்கு இந்தப் பந்தயத்தில் மிகவும் பிடித்தது கயிற்றுப் பையோடு நிற்பவர்கள். அருவிக்குக் கீழே ஈரப் பாறையில் காலை அகட்டி, பையைத் தோளுயரத்தில் தயாராகப் பிடித்து நிற்பார்கள். அவர்களும் இதே ஆற்றில் இறங்குபவர்கள்தான். படகு கவிழ்ந்து ஒருவர் நீரில் வெளியேறிவிட்டால், கயிறு அவர் தலைக்கு அப்பால் விழுந்து மார்பின் மேல் படியும்படி எறிய வேண்டும். எறிந்த கை யாருடையது என்பதை அந்த வீரர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். அப்படி நீந்திக் கரையேறியவருக்கு மாலையில் ஒரு சடங்கு உண்டு: ஆற்றில் போட்டிருந்த ஈரக் காலணியில் பீர் ஊற்றிக் குடிக்க வேண்டும். எல்லோரும் சூழ்ந்து நின்று கத்துவார்கள். குடித்து முடித்ததும் நடந்ததை அவரே சொல்லத் தொடங்குவார். அதுவரை அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கரைவதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கண்ட கொரில்லா இன்று அப்படியே இல்லை. 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் சூறாவளி கொட்டிய மழையில் பள்ளத்தாக்கு சரிந்தது. பாறைகள் இடம்பெயர்ந்து ஆறு வேறு வடிவம் கொண்டது. அந்த நவம்பரில் அங்கே பந்தயம் இல்லை. தலைமுறையாக உடம்பில் ஏறியிருந்த வீச்சுக் கணக்குகளை ஒரே இரவு கலைத்துவிட்டது. அது எனக்கு ஒரு பழைய பாட்டு மறைந்த துக்கமாகவே இருந்தது.

மாறிப்போன ஆற்றைப் படிக்க ஓட்டிகளிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. கரைப் பாறையில் ஏறி நின்று, ஒரு குச்சியை ஒடித்து நீரில் எறிவார்கள். அது எங்கே மூழ்குகிறது, எங்கே சுற்றுகிறது, எங்கே மறுபடி தலைகாட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள். பிறகு இன்னொரு குச்சி.