பெயர் மாறிற்று, பொருள் மாறிற்றா?

வெயிலிலே நின்று நிலக்கடலைச் செடி பிடுங்கும் பெண்ணின் மேனி கருப்பு. செஞ்சியை அடுத்த வல்லத்திலே அது உழைப்பின் நிறம், வெட்கப்படத்தக்கது அன்று. ஆனால், உப்பும் புளியும் வாங்க அவள் செல்லும் கடையிலே, முகத்தை வெளுக்க வைப்பதாகக் கூறும் பசையும் தொங்குகிறது. 'உன் நிறம் ஒரு குறை' என்று அவளிடம் சொல்லாமற் சொல்கிறது அதன் விளம்பரம்!

அந்த வாசகத்தைத் தீட்டியவர் யார்? பெயர் வெளியே தெரியாத ஓர் எழுத்தாளர். விளம்பரம் எழுதுவது இழிதொழில் என்று நாம் கூறவில்லை. பண்டத்தின் பயனையும் விலையையும் பத்துச் சொற்களிலே பதிய வைப்பது திறமை; பாராட்டுவோம். ஆனால், மருந்தை விற்பதற்காக நோயையே படைப்பதா?

1975-ஆம் ஆண்டு ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்ட் லவ்லி'யைக் கடைக்குக் கொண்டுவந்தது. வெண்மைக்கும் அழகுக்கும் புரோகிதர் இன்றியே முடிச்சுப் போட்ட பெயர் அது! பின்னர் வந்த விளம்பரம் ஒன்றிலே, மகன் இல்லையே என்று ஏங்குகிறார் தந்தை. கருத்த மகள் பசை பூசுகிறாள், சிவக்கிறாள், வேலை பெறுகிறாள். படிப்பு? அறிவு? அவை கதைக்குத் தேவைப்படவில்லை! அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடிற்று. 2003-இல் அவ்விளம்பரம் நிறுத்தப்பட்டது. கருத்த நிறத்தாரைத் தாழ்ந்தோராகக் காட்டலாகாது என்று விளம்பரத் தர மன்றம் விதி வகுத்ததோ 2014-இல்தான்.

2020 மே மாதம் அமெரிக்காவிலே ஜார்ஜ் ஃபிளாய்டு காவலரால் கொல்லப்பட்டார். நிறவெறிக்கு எதிரான குரல் உலகெங்கும் எழுந்தது. ஜூலையிலே 'ஃபேர்' உதிர்ந்தது; 'குளோ' ஒட்டிக்கொண்டது. மின்னியாபொலிசிலே எழுந்த குரலுக்கு அசைந்த பெயர், வல்லத்துப் பெண்களின் மனவாட்டத்துக்கு 45 ஆண்டுகள் அசையவில்லை!

"மக்கள் விரும்புவதைத்தானே எழுதுகிறோம்" என்பர் வாசகம் எழுதுவோர். புராணம் அளந்தோரும் அப்படித்தான் சொன்னார்கள். விருப்பத்தை விதைத்தவரே, விளைந்ததைக் காட்டி, 'பார், மண்ணின் குணம்' என்பது வாதமாகுமா?

தோழர்களே! அடுத்த விளம்பரத்தைக் காணும்போது எண்ணிப் பாருங்கள்: பண்டத்தைப் பற்றிய செய்தி எத்தனை சொல்? உங்களைப் பற்றிய இழிவு எத்தனை சொல்? இரண்டாவது மிகுமானால், அங்கே விற்கப்படுவது பசை அல்ல, உங்கள் தன்மானம். அதை விலை கொடுத்து இழக்க வேண்டுமா?