கஷாயத்துக்குப் பின் ஒரு கிண்ணம் கஞ்சி

பழஞ்சீன மருத்துவ நூலான ஷாங்ஹான் லுன்னின் 113 மருந்துக் கூட்டுகளில் உனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், ரசிகர்களில் பாதிப் பேர் சியாவ் சாய்ஹூ தாங் என்பார்கள். அதன் வீச்சு பெரிதுதான். என் மனம் குய்ஜி தாங்கை விட்டு நகர்ந்ததில்லை. அதிலும் இலவங்கக் கொம்பு, பியோனி வேர், அதிமதுரம், இஞ்சி, இலந்தை என்ற ஐந்து பெயர்களுக்குக் கீழே நூலாசிரியர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிவைத்த செய்முறைக் குறிப்பைத்தான் அலுக்காமல் படிக்கிறேன்.

ஏழு ஷெங் (பழைய சீன முகத்தலளவை) தண்ணீரைச் சிறுதீயில் மூன்று ஷெங்காகச் சுண்டவைத்து வடிகட்ட வேண்டும். இளஞ்சூட்டில் ஒரு ஷெங் மட்டும் குடிக்க வேண்டும். சற்றுப் பொறுத்து, சூடான நீர்க்கஞ்சி ஒரு ஷெங்குக்கும் கொஞ்சம் கூடுதலாக. பிறகு இரண்டு மணி நேரம் போலப் போர்த்திக்கொண்டு கிடக்க வேண்டும். உடம்பெல்லாம் மெல்லக் கசிந்தாற்போல வியர்த்தால் நல்லது. தண்ணீராக ஓடவிட்டால் நோய் போகாது. முதல் வேளையிலேயே வியர்த்துக் குணம் கண்டால் மிச்சத்தைத் தொடக்கூடாது. வியர்க்காவிட்டால் இடைவெளியைக் குறைத்து, அரை நாளுக்குள் மூன்று வேளையும் கொடுத்துவிட வேண்டும். நோய் கடுமையென்றால் ஒரு பகலும் ஓர் இரவும் கண்காணிப்பு. இருநூறு பேருக்கு மேலிருந்த தன் குலத்தில், 196க்குப் பிறகான பத்தாண்டுகூட நிறைவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு மாண்டதை முன்னுரையில் சொல்கிறவர் ஜோங்ஜிங். படுக்கையருகே விழித்திருந்தவரின் எழுத்து இது.

குய்ஜி தாங் தரப்படும் நோயாளிக்கு ஏற்கெனவே வியர்வை கசிகிறது. காற்றுப் பட்டால் கூசுகிறது. அவரையா மறுபடி வியர்க்க வைப்பது? 1144இல் முதல் முழு உரை எழுதிய செங் வூஜி தொடங்கி உரையாசிரியர்கள் பலரும், உடலை ஊட்டும் யிங்கையும் அதைக் காக்கும் வெய்யையும் வைத்து இதற்கு விளக்கம் சொன்னார்கள். எனக்கு விடை கஞ்சியில் இருக்கிறது. வியர்வை தானியத்திலிருந்து பிறக்கிறது என்பது பழைய மருத்துவ நூலான சூவென்னின் காலத்துக் கருத்து. கசிந்து கசிந்து வற்றியவருக்கு முதலில் தானியத்தைக் கொடுத்து, அதிலிருந்து வியர்வையை எடுக்கிறார் ஜோங்ஜிங். வியர்வையே வராமல் இறுகிக் கிடப்பவருக்கான மாஹுவாங் தாங்கைப் பாருங்கள்: அங்கே போர்வை உண்டு, கஞ்சி தேவையில்லை என்றே எழுதியிருக்கிறார். பேதிக்குக் கொடுக்கும் சான்வூ பாய்சான் என்ற கூட்டில், பேதி ஆகாவிட்டால் சூடான கஞ்சி, நிற்காமல் போனால் ஆறிய கஞ்சி. ஒரே கிண்ணத்தை மூன்று விதமாக ஆண்ட கை அது.

மருந்தின் அளவுக்காகச் சண்டையிடுகிறவர்கள் இந்தச் செய்முறைக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். லியாங் என்ற எடை ஹான் காலத்தில் 15 கிராமை ஒட்டியது, ஆகவே இலவங்கக் கொம்பு மூன்று லியாங் என்றால் 45 கிராம் போடு என்கிறது ஒரு கட்சி. பழைய லியாங்குக்கு ஒரு சியென் (சுமார் 3 கிராம்) போதும் என்ற பின்னாளைய மருத்துவர் லி ஷிஜென் பக்கம் நின்று 9 கிராமோடு நிறுத்துகிறது இன்னொரு கட்சி. அந்த மூன்று லியாங் மூன்று வேளைக்கானது. முதல் வேளையிலேயே நிறுத்திவிடவும் நேரலாம். நிறுத்தும் இடத்தைச் சொல்லாமல் எடையை மட்டும் பேசுவது அரைகுறை வாசிப்பு. பியோனியை ஆறு லியாங்காக உயர்த்தினால் கூட்டு வயிற்று வலிக்குப் போகிறது, அதை எடுத்துவிட்டால் நெஞ்சு நிறைவுக்குப் போகிறது. இவ்வளவு நுணுக்கமாக விகிதம் பார்த்தவர் பருகும் முறையை ஒப்புக்கு எழுதியிருப்பாரா?

சீன மருத்துவத்திலிருந்து வளர்ந்த ஜப்பானியக் காம்போ மரபின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. கொம்புக்குப் பதில் பட்டையைப் போடுவதைக்கூட ஏற்றுக்கொள்வேன். 1976இல் இந்தக் கூட்டுகளைத் தேசியக் காப்பீட்டில் பரவலாகச் சேர்த்தது அவர்களின் சாதனை. ஆனால் கஷாயம் குருணையாகி உறைக்குள் போனபோது கஞ்சியும் போர்வையும் வெளியே நின்றுவிட்டன. அதைவிட மோசம், நோயின் பெயரைப் பார்த்து மருந்து கொடுக்கும் பழக்கம். நாட்பட்ட கல்லீரல் அழற்சி என்றாலே சியாவ் சாய்ஹூ தாங் என்று எழுதித்தள்ளினார்கள். நுரையீரல் பாதிப்பும் மரணங்களும் வந்து, 1996இல் அரசு எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. குளிரும் காய்ச்சலும் மாறி மாறி வருகிறதா, வாய் கசக்கிறதா என்று ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு மூத்த மருந்துக்கடைக்காரரைப் பார்த்திருக்கிறேன். பொட்டலத்தைச் சணலால் கட்டிக்கொண்டே, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று வாங்க வந்த பெண்ணிடம் கேட்டார். நோயாளி குடிப்பவரா என்றும் விசாரித்தார். குடிகாரருக்கு இனிப்பு ஒவ்வாது, குய்ஜி தாங் கொடுத்தால் வாந்தி வரும் என்று 17ஆம் விதியில் இருப்பதை அறிந்தவர். இப்போது பல கடைகளில் குருணைக்குத் தேக்கரண்டிக் கணக்கு மட்டும்தான் சொல்கிறார்கள்.

சீன மருத்துவத்தின் வெப்பநோய் மரபைச் சேர்ந்த அன்பர்கள் என்னிடம், ஷாங்ஹான் குளிர்நாட்டுப் பழங்கதை, எங்கள் வூ ஜுதோங்கைப் படி என்பார்கள். படித்திருக்கிறேன். 1798இல் அவர் எழுதி முடித்த வென்பிங் தியாவ்பியெனின் முதல் கூட்டு எது? குய்ஜி தாங். காய்ச்சும் முறையும் குடிக்கும் முறையும் ஷாங்ஹான் லுன்னின் மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோய் தீராததோடு வேறு கோளாறும் கிளம்பும் என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கிறார்.