பிரெகேயின் பிற்சேர்க்கை

கணிதத்தின் அத்திவாரத்தை ஆராய்ந்த நூல்களுள் தன் வீழ்ச்சியைத் தானே பதிவுசெய்த நூல் ஒன்றுண்டு. கோட்லொப் பிரெகே இயற்றிய 'எண்கணிதத்தின் அடிப்படை விதிகள்' என்பதே அது. முதற்பாகம் 1893 இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் ஆசிரியரின் சொந்தச் செலவில் அச்சாகிக்கொண்டிருந்த வேளை, 1902 யூன் 16 ஆந் திகதியிட்ட இரசலின் கடிதம் வந்தது. தம்மைத் தாமே உறுப்பாகக் கொள்ளாத தொடைகள் யாவற்றின் தொடை, தன்னைக் கொள்ளுமோ? கொள்ளுமெனின் கொள்ளாது, கொள்ளாதெனின் கொள்ளும். எக்கருத்துக்கும் ஒரு தொடையை வழங்கிய ஐந்தாம் விதி இதனாற் சாய்ந்தது.

1903 இல் வெளியான பாகத்தின் பிற்சேர்க்கையிற் பிரெகே இக்குறையை மறையாது உரைத்தார். அந்நேர்மையைப் போற்றாதாரில்லை, ஆங்குக் கூறிய திருத்தத்தை ஆராய்ந்தோர் சிலரே. இரு கருத்துக்களின் தொடைகளை ஒப்பிடுங்கால் அத்தொடைகளை மாத்திரம் கணக்கில் எடாது விடுக என்பதே திருத்தம். ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டென்றவளவிலேயே அதுவும் முரணாகும் எனப் பின்வந்தோர் காட்டினர். எண்கள் அனைத்தையும் தரவந்த நூலுக்கு இரண்டுதானும் கிட்டவில்லை!

எனினும், நூல் முற்றாக அழிந்ததென்பது பொருந்தாது. இரு கருத்துக்களின் கீழ்வரும் பொருள்கள் ஒன்றுக்கொன்றாய் இணையின், இணையினே, அவற்றின் எண் ஒன்றாகும் என்னும் நெறியைப் பிரெகே 1884 இலேயே கூறியிருந்தார். ஐந்தாம் விதி இந்நெறியைப் பெறுதற்கே வேண்டப்பட்டது. பெற்றபின் எண்கணிதத்தை நிறுவ இந்நெறியே போதும். கிறிஸ்பின் ரைற் 1983 இல் இதனை விரித்துக்காட்டினார். அங்ஙனமாயின், பிரெகே இதனையே முதலாகக் கொள்ளாதது ஏன்? யூலியசு சீசர் ஓர் எண்ணா, அன்றா என்பதை இந்நெறி தீர்க்காதென அவரே தடை எழுப்பியிருந்தார். அத்தடை இன்றும் எல்லோரும் ஒப்ப நீங்கிற்றில்லை.