காணாத கோளும் காணாத நூலும்

1846 செப்டம்பர் 23ஆம் நாள் இரவு, பெர்லின் வானாய்வகத்தில் யோகான் காலே நெப்டியூனைக் கண்டார். எங்கே தேட வேண்டும் என்று பாரிஸிலிருந்து கடிதம் எழுதிச் சொன்னவர் வானியலாளர் லெவெரியே. யுரேனஸ் தன் பாதையில் சற்றே பிறழ்ந்து நகர்வதைக் கொண்டு, அதை இழுக்கும் கோள் ஒன்று இருந்தாக வேண்டும் என அவர் கணக்கிட்டிருந்தார். கணித்த இடத்துக்கும் கண்ட இடத்துக்கும் ஒரு பாகைகூட வேறுபாடு இல்லை. 1859இல் அவரே புதனின் பாதையிலிருந்த சிறு பிறழ்ச்சிக்கும் அதே வகைக் காரணத்தைத் தேடினார். சூரியனுக்கு அருகே மறைந்திருப்பதாக எண்ணிய அந்தக் கோளுக்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தார்கள். பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் அப்படியொரு கோள் இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை என்ற அந்தப் பிறழ்ச்சியை 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல், புதிய கோள் எதுவும் இல்லாமலே விளக்கியது.

அதே 19ஆம் நூற்றாண்டில் விவிலிய ஆய்வும் இதே வகைச் சிந்தனையில் ஆழ்ந்திருந்தது. கையிலுள்ள நூல்களின் ஒற்றுமை வேற்றுமைகளைக் கொண்டு, கைக்குக் கிடைக்காத நூல்களை அது ஊகித்தது. அந்த ஊகங்களில் எது நெப்டியூன், எது வல்கன்?

மத்தேயு, மாற்கு, லூக்கா நற்செய்திகள் பல இடங்களில் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகின்றன. மாற்கிலுள்ள செய்திகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மத்தேயுவிலும் இருக்கிறது. யாரைப் பார்த்து யார் எழுதினார்? மாற்கு மற்ற இருவரையும் சுருக்கியவர் என்று முன்பே சொல்லியிருந்தார் விவிலிய அறிஞர் கிரீஸ்பாக். மாற்கே முந்தியவர், மத்தேயுவும் லூக்காவும் அவருடைய நூலோடு இயேசுவின் கூற்றுத் தொகுப்பு ஒன்றையும் பயன்படுத்தினார்கள் என்று 1838இல் வாதிட்டார் வைஸ். 1863இல் ஹோல்ட்ஸ்மனும் 1924இல் ஸ்ட்ரீட்டரும் இக்கருத்தை வலுப்படுத்தினார்கள். அந்தத் தொகுப்பைத்தான் ‘க்யூ’ என்கிறார்கள். மாற்கில் இல்லாமல் மற்ற இரண்டிலும் வரும் ஏறத்தாழ 230 வசனங்களே அதற்கு ஆதாரம். அதன் ஏடு ஒன்றுகூட இன்றுவரை கிடைத்ததில்லை.

க்யூவின் பக்கம் வலுவான வாதங்கள் உண்டு. லூக்கா மத்தேயுவைப் படித்திருந்தால், மலைப்பொழிவு போன்ற சீரான பகுதியை ஏன் பிரித்துப் பல இடங்களில் போட வேண்டும்? 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த தோமா நற்செய்தியில் கதையே இல்லை. 114 கூற்றுகள் மட்டுமே. கூற்றுகளை மட்டும் தொகுத்த நூல்கள் அக்காலத்தில் இருந்தன என்பதை அது காட்டியது. க்யூ இருந்தது என்பதை அது காட்டவில்லை.

எதிர்ப்பக்கமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. லூக்கா மத்தேயுவைப் படித்திருந்தால் க்யூவே தேவையில்லை என்றார் ஃபாரர், 1955இல். மார்க் குட்ஏக்கர் 2002இல் அந்த வாதத்தைப் புதுப்பித்தார். பிடிபட்ட இயேசுவிடம், அவரை அடித்தது யார் என்று கேட்கும் கேள்வி மத்தேயு 26:68இலும் லூக்கா 22:64இலும் ஒரே கிரேக்கச் சொற்களில் வருகிறது. மாற்கு 14:65இல் அது இல்லை. இயேசுவின் பாடுகளின் வரலாறு க்யூவில் இருந்ததாகப் பெரும்பாலோர் கருதுவதும் இல்லை. அப்படியானால் லூக்கா அதை மத்தேயுவிலிருந்தே எடுத்திருக்க வேண்டும் என்பது இவர்கள் வாதம். மத்தேயுவின் கைவண்ணம் லூக்காவில் தென்படுகிறதா என்று தேடுவது க்யூவைச் சோதிக்கும் நல்ல வழி. புதிய ஏடு கிடைக்கும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

விவிலிய ஆய்வுக்கும் ஒரு நெப்டியூன் வாய்த்திருக்கிறது. எரேமியா நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு, இன்று வழங்கும் எபிரேய நூலைவிடக் கணிசமாகச் சிறியது. மொழிபெயர்த்தவரே சுருக்கினார் என்றனர் சிலர். அவர் கையிலிருந்த எபிரேய நூலே சிறியது என்றனர் வேறு சிலர். சாக்கடலருகே கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்த சுருள் துண்டுகள் இரண்டாம் தரப்புக்குச் சான்றாயின. எரேமியா 10இல் 6 முதல் 8 வரையுள்ள வசனங்களும் 10ஆம் வசனமும் கிரேக்கத்தில் இல்லை. அந்தச் சுருள்களுள் ஓர் எபிரேயத் துண்டிலும் அவற்றுக்கு இடமில்லை. ஏட்டைக் காணாமலே சொன்னது ஏட்டால் உறுதியாயிற்று.

ஆபத்து கருதுகோளில் இல்லை. கருதுகோளின்மேல் கருதுகோளை அடுக்குவதில் இருக்கிறது. க்யூ இருந்தது, அதில் முந்திய அடுக்கு, பிந்திய அடுக்கு என உண்டு, முந்திய அடுக்கை எழுதியது ஒரு தனிச் சமூகம், அதன் நம்பிக்கை இன்னது. ஒவ்வொரு படிக்கும் நூற்றுக்கு எண்பது வாய்ப்பு என்று தாராளமாகக் கொடுத்தாலும், நான்காம் படியில் எஞ்சுவது நூற்றுக்கு நாற்பத்தொன்றுதான். விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களைப் பற்றிய ஆய்விலும் இதே பாடம் உண்டு. அவற்றுள் ஒன்றான இணைச் சட்ட நூலை யூதா மன்னர் யோசியாவின் சீர்திருத்தத்தோடு டி வெட்டே 1805இல் இணைத்தது இன்னும் பரவலாக ஏற்கப்படுகிறது. அந்த நூல்கள் நான்கு மூலங்களிலிருந்து உருவாயின என வெல்ஹௌசன் 1878இல் நிறுவிய முழுக் கட்டுமானமோ 1970களில் வான் சீட்டர்ஸ், ரெண்டோர்ஃப் ஆகியோரின் விமர்சனத்தால் ஆட்டம் கண்டது.

வானியலாளர் மறுநாளும் வானைப் பார்க்கலாம். விவிலிய ஆய்வாளருக்குப் பாலைவனம் காத்துவைத்தது மட்டுமே மிச்சம். ஆனால் சான்று குறைவு என்பதால் வரம்பு தளர்ந்துவிடாது. வெறும் ஊகம் என்று தள்ளுவதும், ஆய்வு நிரூபித்துவிட்டது என்று முழங்குவதும் ஒரே அவசரத்தின் இரு முகங்கள். மாற்கு முந்தியது என்பதற்கு வலு அதிகம். க்யூவுக்கு அதைவிடக் குறைவு. க்யூவின் அடுக்குகளுக்கு மிகக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வை வாசகருக்குச் சொல்வது ஆய்வாளரின் கடமை. எந்தச் சான்று கிடைத்தால் தன் முடிவைக் கைவிடுவேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லவும் வேண்டும்.