கேள்வியில் பிறந்த கதை

செய்திக்கூடம் கற்பனையை உலர்த்திவிடும் என்பார்கள். கொலம்பியாவின் ‘எல் எஸ்பெக்டடோர்’ நாளிதழில் 1955இல் வந்த 14 பகுதித் தொடரைப் படித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. போர்க்கப்பலிலிருந்து கரீபியன் கடலில் விழுந்து, 10 நாள் தெப்பத்தில் தனியே மிதந்து கரைசேர்ந்த மாலுமி வெலாஸ்கோவின் கதை அது. ஊரெல்லாம் கேட்டுப் பழகிய கதைதான். ஆனால் இளம் நிருபர் கார்சியா மார்க்கேஸ் அவரை ஆறு ஆறு மணி நேரமாக 20 அமர்வுகள் உட்காரவைத்து, முரண்பாடு தட்டுப்படுகிறதா என்று குறுக்கும் நெடுக்கும் கேட்டார். விபத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட புயலை விவரிக்கச் சொன்னபோது, புயலே அடிக்கவில்லை என்றார் மாலுமி! மேல்தளத்தில் ஏற்றியிருந்த கடத்தல் சரக்குதான் ஆட்களைக் கடலில் தள்ளியது. சர்வாதிகார அரசு மறைத்த உண்மை, பொறுமையான ஒரு கேள்வியில் வெளிவந்துவிட்டது.

தொடர் மாலுமியே பேசுவதுபோல் எழுதப்பட்டது. மாலுமியின் குரலில் நிருபர் எழுதலாமா, அது புனைவாகாதா என்று கேட்பது நியாயமே. தாகம், சுறாமீன், கடற்பறவை எல்லாம் மாலுமி சொன்னவை. எதை எப்போது சொல்வது என்ற வரிசைதான் எழுதியவருடையது. அந்த வரிசைப்படுத்தலையே நான் கலை என்பேன். பிற்காலப் பெரும் நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல பட்டறை வாய்த்திருக்காது. தொடர் வெளியானபோது மாலுமியின் பெயரே இருந்தது. எழுதியவர் பெயர் 1970இல் நூலான பிறகுதான் அதில் ஏறியது.